பேச்சுக்கு நடுவில் வந்த கரண்டி

ஏலக்கார அக்கா தன் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு நன்றாகச் சூடு பிடித்து, "உன்னை நம்பி ஒரு கூடை தக்காளியை..." என்று வந்து நின்ற இடத்தில், ஒரு கரண்டி சாப்பாடு அவள் வாய்க்குள் போய்விட்டது.

ஊட்டியது மனிதர் யாரும் இல்லை. மேசையோரத்தில் பூட்டியிருந்த இயந்திரக் கைதான். வெள்ளையாக, மூன்று மடிப்பாக, நுனியில் ஒரு கரண்டி. கரண்டிக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கேமரா. வாய் திறந்திருப்பதை அது பார்த்தது. கொண்டுபோய் வைத்தது. பின்வாங்கித் தட்டில் அடுத்த வாயை அள்ளிக்கொண்டு தயாராக நின்றது. அது கற்ற வித்தை அவ்வளவுதான்.

அக்கா அவசரமாக மென்று விழுங்கினாள். "...தக்காளியை ஒப்படைக்க முடியுமாய்யா?" என்று, விட்ட இடத்தைப் பிடிக்க வாயைத் திறந்தாள். தக்காளிக்கு 'த' வருவதற்குள் கரண்டி வந்தது.

வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரும் எவ்வளவுதான் அடக்குவார்? கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயை நிறுத்த வழி தெரியாமல் இருந்த மனுஷன்.

மூன்றாவது கரண்டியில் சிரிப்பு போய்விட்டது. அக்காவுக்குப் புரையேறியது. முகம் சிவந்து கண் பிதுங்கி அவள் இருமுகிறாள். இருமுவதற்கும் வாய் திறக்கத்தானே வேண்டும்? அந்தப் பாழாய்ப்போன கை நான்காவது கரண்டியைக் கொண்டுவருகிறது! வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவரை முந்திக்கொண்டு, சுவரோரம் மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பாய்ந்து, மேசையடியில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். கை அந்தரத்தில் நின்றது.

பாய்ந்தவள்தான் அந்தக் கையைச் செய்தவள். மூன்று வருஷமாக இரவு பகல் பாராமல் அதற்கு மூட்டு வைத்து, கண் வைத்து, அளந்து அள்ளக் கற்றுக்கொடுத்தவள். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று யாரோ சொன்னதிலிருந்து, அக்காவுக்கு அவள் டாக்டரம்மா. நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம், தங்கங்களே. சொந்தப் பேரைவிட அந்தப் பேர்தான் அவளுக்குப் பொருந்திவிட்டது.

அக்காவை முன்னால் சாய்த்து, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, அவளுக்கு மூச்சு சீராக வரச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும் முதல் பேச்சு இது:

"எங்க மாமியார்கூட என் வாயை இப்படி அடைச்சதில்ல, டாக்டரம்மா."

"ஐயோ, மன்னிச்சிடுங்கக்கா. ஆராய்ச்சிக் கூடத்துல எப்பவும் இப்படி ஆனதில்லையே..."

"அங்க வெளக்கைப் போட்டு கேமராவை வெச்சு அசையாம இருங்கன்னீங்க. போட்டோ புடிக்கிற எடத்துல யாராச்சும் வாயாடுவாங்களா? இது என் வீடு. இங்க நான் பேசுவேன்."

"அதுவும் அவ பேசற ஒரே நேரம் சாப்பாட்டு நேரம் இல்லம்மா," என்றார் வீட்டுக்காரர். "மிச்ச நேரமும்தான்."

அக்கா முன்பு மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவள். லாரி வந்து நின்றால், மூட்டை மேல் ஏறி நின்று அவள் கூப்பிடும் குரல் சந்தையின் அடுத்த வாசல் வரைக்கும் கேட்கும். ஒரு நாள் அடுக்கி வைத்த மூட்டைகள் அவள் மேல் சரிந்தன. அதற்கப்புறம் கழுத்துக்குக் கீழே இருக்கும் உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. கழுத்துக்கு மேலே இருப்பது யார் பேச்சையும் கேட்பதில்லை என்பார் வீட்டுக்காரர். அவர் அதே சந்தையில் எடை போடுகிறவர். மத்தியானம் ஓடி வந்து அவளுக்கு ஊட்டி முடித்துவிட்டுத் தன் தட்டைத் தொடும்போது சாப்பாடு ஆறிக் கல்லாகியிருக்கும். பல வருஷமாக அப்படித்தான். இந்தக் கை வந்த பிறகுதான் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"இதை எடுத்துட்டுப் போயிடட்டுமாக்கா?" என்றாள் டாக்டரம்மா, குற்ற உணர்ச்சியோடு.

"தொட்டுப் பாரு, தெரியும்!" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த மனுஷன் சூடாச் சாப்புட்டு எத்தனை காலம் ஆச்சு தெரியுமா ஒனக்கு? மெஷினை நான் வேணாம்னா சொன்னேன்? வாயைத் தெறந்தா பசின்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கறேன். ஊசி போடத் தெரியாத டாக்டரா இருந்தாலும் பரவால்ல, பதில் சொல்லத் தெரியணும்ல?"

அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு டாக்டரம்மா கூடத்துக்குப் போனாள்.

ஆராய்ச்சிக் கூடம் என்பது ஒரு நீள அறை. ஜன்னல்களைத் திறக்க முடியாது. சுவரோரம் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு திரை, திரைக்கு ஒரு ஆள். நடுவில் கழற்றிப் போட்ட மூட்டுகளும் கம்பிகளும். மத்தியானம் எல்லோரும் அவரவர் டப்பாவை அவரவர் திரைக்கு முன்னால் திறந்து, காதில் எதையோ செருகிக்கொண்டு, எதையோ பார்த்தபடி சாப்பிடுவார்கள். எழுந்து போவதில்லை. பேச்சு இல்லை. வேலை ஓட வேண்டுமே!

இயந்திரத்துக்கு மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் நிறையப் படங்கள் வேண்டும். வெளியே ஆள் தேட நேரம் ஏது? திரைகளின் மேல் கேமரா இருக்கவே இருக்கிறது. கூடத்துக்காரர்கள் தங்கள் சாப்பாட்டையே படம் பிடித்தார்கள். மாதக்கணக்கில் பிடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது.

டாக்டரம்மா அந்தப் படங்களை ஓட்டிப் பார்த்தாள். முதலில் தாடிக்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் பையன். வாய் திறந்தது, உணவு போனது, வாய் மூடியது. திறந்தது, போனது, மூடியது. அடுத்தவன். அடுத்தவள். அதே திறப்பு, அதே மூடல். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. ஒரு ஆள்கூடப் பக்கத்து ஆளிடம் 'அந்தத் தண்ணியை எடு' என்று கேட்கவில்லை. பிறகு அவளே வந்தாள். தான் சாப்பிடுவதைத் தானே பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாடு அசைபோடும்போதாவது அக்கம்பக்கம் பார்க்கும். இவள் அதுகூடப் பார்க்கவில்லை.

"நாம யாருமே பேசலியேடா," என்றாள்.

தாடிக்காரன் காதிலிருந்ததை எடுத்தான். "என்னக்கா?"

"சாப்பிடறப்ப. ஒரு படத்துலகூட, ஒருத்தரும் பேசல."

"பேசறோமேக்கா. எல்லாம் சாட்ல பேசிக்கறோம். இப்பக்கூட இவன் எனக்கு மெசேஜ் போட்டான்." பக்கத்து நாற்காலியைக் காட்டினான். கை நீட்டினால் முட்டி இடிக்கும் தூரம்.

அப்படிப்பட்டவர்களின் வாயைப் பார்த்து வளர்ந்த இயந்திரம் வேறு என்னத்தைக் கற்கும், சொல்லுங்கள். மனிதனுக்கு வாய் என்பது சாப்பாடு போடுகிற ஓட்டை என்று அதற்கு இவர்களே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அவள் நேரே சாரின் அறைக்குப் போனாள். சார் என்றால் கூடத்தின் தலைவர். கண்ணாடிக் கதவு, சாய்வு நாற்காலி. அவருக்கு எதிரே ஒரு விருந்தாளி. நடக்க முடியாதவர்களையும் வயதானவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களின் மேலாளர். ஒன்றல்ல, பல ஊர்களில் காப்பகம். இருநூறு கைகள் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், குரல் எழாது, கைகூப்பித்தான் பேசுவார். அதுதான் இந்தக் கதையில் பெரிய கொடுமை.

டாக்டரம்மா நடந்ததைச் சொன்னாள். சார் சிரித்தார்.

"சாப்பிடறப்ப பேசக்கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லிக் குடுக்கலையா?"

"சார், அவங்களுக்குப் புரையேறிடுச்சு. மூச்சு நின்னிருக்கும்."

"அதான் நானும் சொல்றேன். பேசினாத்தானே புரையேறும்? பேசாம சாப்பிடச் சொல்லுங்க. கையேட்டுல ஒரு வரி சேத்துடலாம்."

மேலாளர் மெதுவாகக் குறுக்கிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்ககிட்ட ஆறு படுக்கைக்கு ஒரு பணிப்பெண். ஊட்ட உக்காந்தா போதும், படுத்திருக்கறவங்க கதை பேச ஆரம்பிச்சிடுவாங்க. மகன் வரல, முதுகு வலிக்குது, அந்தக் காலத்துல நான் அப்படி இருந்தேன் இப்படி இருந்தேன்னு. ஒரு சாப்பாடு முடிய ஒரு மணி நேரம். இந்த மெஷின் இருந்தா இருபது நிமிஷத்துல அமைதியா முடிஞ்சிடும். உண்மையச் சொன்னா, அது எங்களுக்கு ஒரு வசதி."

வசதி! காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது அவளுக்கு. அவள் சண்டைக்காரி இல்லை. கூடத்தில் பொறுமைசாலி என்று பேர் வாங்கியவள். திருகாணி ஒன்று உருண்டு போனால் அரை நாள் தரையில் தவழ்ந்து தேடுவாளே தவிர முணுமுணுக்க மாட்டாள். அன்றைக்கு அவளுக்குக் காதோரம் சுட்டது.

"கை வராதவங்களுக்குக் கை செய்யறோம்னுதான் சார் ஆரம்பிச்சோம். வாயை மூடறதுக்கு இல்ல."

"உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் சார். உணர்ச்சி என்றால் ஏதோ தொற்றுநோய் மாதிரி.

காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா? செருப்பு சின்னதென்றால் விரலை வெட்டிக்கொள் என்கிறார்கள். அதையும் சாந்தமாக, புன்னகையோடு, கையேட்டில் ஒரு வரியாக. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே பிழைக்க வேண்டுமென்றால் வாயை விட்டுக்கொடு என்கிறார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்தும்போது அது சற்றுப் பலமாகவே சாத்திக்கொண்டது.

அந்தக் கோபத்தோடேயே அவள் வேலையில் உட்கார்ந்தாள். கோபத்தில் செய்யும் வேலை கோணலாகும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. கரண்டி வாய்க்கு நேரே பாயாமல், முகவாய்க்குக் கீழே ஒரு ஓரமாக வந்து நின்று காத்திருக்க வேண்டும். அக்கா கூப்பிட்டால்தான் மேலே வர வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? தலையை ஆட்டச் சொல்லலாம் என்று செய்து எடுத்துக்கொண்டு போனாள். அக்கா பேசும்போதே தலையாட்டுகிறவள். ஏலத்தில் பழகிய தலை அது. 'ஆமா, ஆமா, அப்படித்தான்' என்று ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் நாலு கரண்டி வந்துவிட்டது.

"இது முந்தினதுக்கு அண்ணன்," என்றாள் அக்கா, வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"நீங்க பேசறப்ப எதைச் செய்யவே மாட்டீங்க, சொல்லுங்கக்கா. அதை வெச்சுக்கலாம்."

அக்கா யோசித்தாள். அவள் பேசாமல் யோசித்ததே ஒரு அதிசயம். "உச்சுக்கொட்ட மாட்டேன்," என்றாள். "எனக்கு யாரும் உச்சுக்கொட்டவும் வேணாம், நான் யாருக்கும் உச்சுக்கொட்டறதும் இல்ல. அதை வெச்சுக்கோ."

நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'த்சு' என்றால் கரண்டி வர வேண்டும். அதற்கு ஒரு ஒலிவாங்கியை மேசையில் வைத்து, மறுபடி கொண்டுவந்து பூட்டினாள். நன்றாகவே வேலை செய்தது, அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்க்கும்வரை. அந்தம்மா வாசலில் நின்று அக்காவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், "த்சு த்சு த்சு, எப்படி இருந்தவ..." என்றாள். கரண்டி பாய்ந்து வந்து அக்காவின் உதட்டில் இடித்தது.

"பாத்தியா!" அக்கா சிரித்த சிரிப்பில் சாப்பாடு தெறித்தது. "பாவம்னு சொன்னாலும் என் வாயைத்தான் அடைக்குது!"

கடைசியில் ஒலிவாங்கியை மேசையிலிருந்து எடுத்து, காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டி வைத்த பிறகு சரியானது. அக்காவின் நாக்குத் தட்டல் மட்டும்தான் அதற்குக் கேட்கும். ஊரார் இரக்கம் கேட்காது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சாப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்கா சந்தையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஆரம்பித்து, தன் நாத்தனார் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்காரரின் எடைக்கல்லுக்கு வந்து சேர்ந்தாள். கரண்டி முகவாய்க்குக் கீழே பொறுமையாக நின்றது. அவர் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பேச்சுப் பேசினார். "நீ சொல்றது பொய்," என்றார். "த்சு," ஒரு வாய். "நான் சொல்றதா பொய்?" இப்படியே போய், சாப்பாடு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டரம்மா சுவரோரம் உட்கார்ந்து, மூன்று வருஷம் எதற்காக உழைத்தோம் என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள்.

அந்தச் சாப்பாட்டை டாக்டரம்மா படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். சார் படத்தை ஓட விட்டு, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

"ஒரு மணி நேரமா? இதை எப்படி விக்கறது?"

"சார், நாம எல்லாம் ஒரு மணி நேரம் சாப்பிடறதில்லையா? விருந்துல உக்காந்தா..."

"அவங்க விருந்துக்கா வந்திருக்காங்க? பாருங்க, காப்பகக்காரங்களுக்குப் பழைய புரோகிராமோடதான் காட்டப் போறோம். அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. பேசக்கூடாதுன்னு சொல்லி வைங்க. ஒழுங்கா வந்தா மெஷின் அவங்க வீட்லயே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? இருந்தாலும் மறைக்காமல் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு, வீட்டுக்காரரின் தட்டைச் சற்று நேரம் பார்த்தாள்.

"ஒரு வேளைதானே. வாயைக் கட்டிக்கிட்டு வரேன்."

"வேணாம்க்கா. நான் வேற வழி பாக்கறேன்."

"நீ பாக்கற வழியெல்லாம் தெரியும். வண்டியை அனுப்பு."

அந்தச் சம்மதம்தான் டாக்டரம்மாவை அதிகமாக எரித்தது. ஒரு மனிதன் சூடாக ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காக, அந்தக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறார்கள்; அவளும் வருகிறேன் என்கிறாள்.

காட்டும் நாளில் நீள அறையைத் துடைத்து, கம்பிகளை ஒளித்து, நாற்காலி போட்டிருந்தார்கள். காப்பக மேலாளரும் அவருடைய மேலிடத்து ஆட்களும் முன் வரிசையில். படம் எடுக்க ஒருவர். அக்கா நல்ல துணி உடுத்தி, தலை வாரி, சக்கர நாற்காலியில் நிமிர்ந்திருந்தாள். வீட்டுக்காரர் சுவரோரம் நின்றார். டாக்டரம்மா சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில். பாதுகாப்புக்கு அவள்தான் பொறுப்பு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கைகூட அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியாது.

அக்கா வாயைத் திறந்தாள், கரண்டி வந்தது. மூடினாள், மென்றாள். திறந்தாள், வந்தது. சார் விளக்கிக்கொண்டே போனார். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது. அக்கா அப்படி உட்கார்ந்திருந்ததை வீட்டுக்காரரால் பார்க்க முடியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

மேலிடத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், கனிவானவள், எழுந்து வந்து அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "எப்படிம்மா இருக்கு? உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அக்கா வாயைத் திறந்தாள். கரண்டி உள்ளே போனது.

"பிடிச்சிருக்காம்!" என்றார் யாரோ. சிரித்தார்கள். ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

அக்கா அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி கரண்டி. மறுபடி கைதட்டல். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இருமலா, ஆத்திரமா, இரண்டுமா தெரியவில்லை. படம் எடுப்பவர் அதைக் கிட்டே போய் எடுத்தார். ஆனந்தக் கண்ணீர் என்று போட்டுக்கொள்வார்களோ என்னவோ.

டாக்டரம்மா பொத்தானை அடித்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேள்வி கேட்டாங்கல்ல சார். பதில் சொல்லட்டும்."

அக்கா வாயில் இருந்ததை நிதானமாக மென்றாள். அத்தனை பேரையும் காக்க வைத்து மென்றாள். விழுங்கினாள்.

"ரெண்டு தடவை பதில் சொல்ல வந்தேன்," என்றாள். "ரெண்டு தடவையும் நீங்க கைதட்டினீங்க."

குனிந்திருந்த அம்மாள் நிமிர்ந்துவிட்டாள்.

"மெஷின் எனக்குப் பிடிச்சிருக்கும்மா. நல்லா அள்ளுது, சிந்தாம கொண்டு வருது. நான் கேட்டா வரணும், கேக்கலன்னா நிக்கணும். அதுக்கும் இந்தப் பொண்ணு செஞ்சு வெச்சிருக்கா. அதை ஏன் காட்டலன்னு இவங்களைக் கேளுங்க."

மேலாளர் கைகூப்பியபடியே எழுந்தார். "நீங்க சொல்றது உங்களுக்குச் சரிதாம்மா. ஆனா எங்ககிட்ட இருக்கறவங்க அவ்வளவாப் பேச மாட்டாங்க."

"யார்கிட்டப் பேசுவாங்க?" அக்காவின் குரல் எழுந்தது. அறை அதற்குச் சின்னதாக இருந்தது. "ஆறு பேருக்கு ஒரு ஆளு. அந்த ஆளும் வாயில திணிச்சுட்டு ஓடிடும். இப்ப அந்த ஆளுக்குப் பதிலா இது. செவுத்துகிட்டயா பேசுவாங்க? மகன் வரலன்னு சொல்றதைக் கேக்க ஒரு மணி நேரம் ஆகுதுன்னா, மகன் வராததுக்கு அது ரொம்பவா?"

சார் டாக்டரம்மாவை ஓரமாக இழுத்துப் போனார். "எனக்குப் பாதுகாப்பு அனுமதி நாளைக்கு வேணும்."

"தர மாட்டேன் சார். பேசற வாய்க்குள்ள உணவைத் தள்ளற மெஷினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மூணு வருஷ உழைப்பும்மா உங்களுது."

"அதனாலதான்."

"யோசிச்சுப் பேசுங்க. நீங்க சொல்ற மெஷினை அவங்க வாங்க மாட்டாங்க. இதையும் குடுக்கலன்னா அந்த ஆறு பேருக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது. பசியில ஆறின சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க. அது தேவலையா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதால் கோபம் தணிந்துவிடவும் இல்லை. சோறு வேண்டுமா, பேச்சு வேண்டுமா என்று இன்னொரு மனிதரிடம் கேட்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சாருக்கு யாராவது அப்படி ஒரு கரண்டியை நீட்டுவார்களா?

போகும்போது மேலாளர் வாசலில் நின்று, நல்ல எண்ணத்தோடுதான், கேட்டார்: "பேச வராதவங்களுக்கு மட்டும்னு இதுல ஒரு மாடல் குடுக்க முடியுமா மேடம்?" வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் அவள், புரையேறியதையும் காட்டும் நாளில் நடந்ததையும் மேற்பார்வைக் குழுவுக்குத் தெரிவித்தாள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி எதுவானாலும் அந்தக் குழுவுக்குக் கட்டுப்பட வேண்டும். குழு உடனே நிறுத்தி வைத்தது. விசாரித்து முடிக்கும்வரை ஒரு கையும் யாருக்கும் ஊட்டக்கூடாது. ஒரு கையும் என்றால், அக்கா வீட்டில் இருப்பதும் சேர்த்துத்தான். காத்திருக்கத் தெரிந்த நல்ல புரோகிராமா, கெட்டதா என்று குழு பிரித்துப் பார்க்கவில்லை. தாடிக்காரனும் இன்னொருவனும் போய், தலையைக் குனிந்துகொண்டு கழற்றி எடுத்து வந்தார்கள்.

டாக்டரம்மா போனபோது மத்தியானம். மேசையோரத்தில் பூட்டிய தடம் மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய தட்டு, மூடி போடாமல், ஆறிக்கொண்டிருந்தது.

"வாம்மா, நியாயஸ்தி," என்றாள் அக்கா. "நியாயத்தை நிலைநாட்டிட்டியா? நிலைநாட்டினது நீ. ஆறின சாப்பாடு யாருக்கு? இந்தா, இவருக்கு."

"அப்படிச் சொல்லாத," என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பொண்ணு என்ன செய்யும்?"

"நீ சும்மா இருய்யா. நான் உன்கிட்டப் பேசல." அக்கா அவளிடம் திரும்பினாள். "மெஷினைக் குடுக்காதேன்னா சொன்னேன்? நல்லதைக் குடுன்னுதானே சொன்னேன்? கெட்டதை நிறுத்தப் போயி நல்லதையும் சேத்துத் தூக்கிட்டீங்களே, என்ன படிப்புடி படிச்சீங்க எல்லாரும்?"

அவள் திட்டியது அத்தனையும் சரி. டாக்டரம்மா செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "குடுங்கண்ணே," என்று வீட்டுக்காரரின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். "நீங்க உக்காந்து சாப்பிடுங்க. சூடு பண்ணிக்குங்க முதல்ல."

அவர் தயங்கினார். அக்கா கண்ணைக் காட்டினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"குழு எப்பக் கூடுது?" என்றாள் அக்கா.

"அடுத்த வாரம்க்கா. நான் போய்ப் பேசணும். சாரும் வருவாரு."

"நீ என்ன பேசுவ? அந்தக் கண்ணாடி ரூம்ல ஒரு வார்த்தை பேசிட்டு வந்துட்ட. நான் வரேன். அவங்க வேணாம்னு சொன்னாலும் வாசல்ல வந்து உக்காருவேன். வண்டிக்கு ஏற்பாடு பண்ணு."

"பண்றேன்க்கா."

"பண்றேன்னா போதாது. அங்க நான் என்ன சொல்லப் போறேன்னு கேட்டுக்கோ. அப்புறம் நடுவுல பூந்து இங்கிலீஷ்ல குழப்பாத." டாக்டரம்மா கரண்டியை உயர்த்தியிருந்தாள். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "முதல்ல புரையேறினதைச் சொல்லுவேன். அது சின்ன விஷயம். யாருக்கும் ஏறும். அப்புறம் கைதட்டினதைச் சொல்லுவேன். அப்புறம்..."

அடுப்படியிலிருந்து சூடான தட்டோடு வந்து வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தார். முதல் வாயை எடுத்து ஊதினார். "அவ சாப்பிடட்டும்மா, பேச விடாதீங்க," என்று கண்ணடித்தார்.

டாக்டரம்மாவுக்குத் தோள் வலித்தது. மோட்டாருக்கு வலிக்காது, மனுஷக் கைக்கு வலிக்கும் என்பதை அவள் இதுவரை எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை. கரண்டியைச் சற்றே முன்னால் கொண்டுபோனாள்.

"இருடி," என்றாள் அக்கா. "நான் இன்னும் முடிக்கல."